இடது கெண்டைக்காலில் இல்லாத தழும்பு

போன ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, நம்ம கூட்டத்தில் ஒருத்தி தன் பேத்தி அனுப்பிய போட்டோக்களைக் காட்டினாள். பிரான்சில் எங்கேயோ ஒரு மலை. மலை உச்சியில் கல்லாலேயே கட்டின ஊர். கீழே சுற்றிலும் திராட்சைத் தோட்டம். "அய்யே, இன்னா அழகுடி" என்று ஆளாளுக்குப் போனைப் பிடுங்கிப் பார்த்தீர்கள். என் கைக்கு வந்ததும் நான் பார்க்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். "இவளுக்கு எதப் பாத்தாலும் மொகம் சுளிப்புதான்" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. எனக்குக் காது இன்னும் நன்றாகவே கேட்கிறது, தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட ஒரு ஊரில் நான் இருந்திருக்கிறேன், சின்ன வயசில். அங்கே ஒரு நாள் என் அப்பா என் காலைக் கழுவினார். கழுவி முடிப்பதற்குள் நான் நானில்லை என்று தெரிந்துபோனது. அறுபத்திரண்டு வயசாகியும் அந்தத் திடுக்கிடல் எனக்குப் போகவில்லை. என் பிள்ளைகளிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்களும் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போன சொல்தா வீட்டுப் பிள்ளைகள்தான், உங்களுக்குப் புரியும். நடுவில் யாரும் போனை நோண்டாதீர்கள்.

எங்கள் வீடு புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில், கிருமாம்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடக்கிற தூரம். நெல்லும் கரும்பும்தான் பிழைப்பு. வீட்டுக்குப் பெரியவர் பெரியப்பா. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறிப் போனவர். அப்பா போனபோது நான் ஆறு மாசக் குழந்தை என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய போட்டோவில் தொப்பியோடு முறைத்துக்கொண்டிருக்கும் ஆள்தான் எனக்கு அப்பா. பட்டாளத்துக் கெடு முடிந்ததும் அவர் ஊருக்குத் திரும்பவில்லை. தன் பழைய அதிகாரி ஒருவருடைய திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அடுத்த வருஷம் வருகிறேன், அடுத்த வருஷம் வருகிறேன் என்று கடிதம் மட்டும் வரும். பத்து வருஷம் அப்படியே ஓடியது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வருகிற கடிதத்தைப் பெரியப்பா படிப்பார், பதிலும் அவரே எழுதுவார். எழுதி முடித்ததும் அம்மாவைக் கூப்பிட்டு அடியில் ஒரு சிலுவை போடச் சொல்வார். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டு நான் பார்த்ததில்லை. வருஷத்துக்கு ஒருமுறை என்னைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய் போட்டோ பிடித்து அனுப்புவார்கள். ஊரில், "அவன் அங்க ஒரு வெள்ளக்காரிய வச்சிகினு குடும்பம் பண்றான்" என்ற பேச்சு இருந்தது. அம்மா காதுபடவே பேசுவார்கள்.

அம்மாவிடம் எனக்குப் புரியாத ரெண்டு பழக்கம் இருந்தது. தாய் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போகவே மாட்டாள். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில் ஊர் அது. மாதா திருவிழாவுக்கு ஊரே திரண்டு போகும், நான் மட்டும் வீட்டில் கிடப்பேன். மாமாதான் எங்களை வந்து பார்த்துவிட்டுப் போவார். இன்னொன்று, எனக்குக் கவுன் போடமாட்டாள். கான்வென்ட்டில் எல்லாப் பிள்ளைகளும் முட்டிவரைக்கும் கவுன் போட்டுக்கொண்டு வந்தபோது நான் மட்டும் தரையைப் பெருக்குகிற பாவாடை கட்டிக்கொண்டு போனேன். கேட்டால், "பொம்பளப் புள்ளைக்கு கால் தெரியக் கூடாது" என்பாள். நம்பினேன்.

எனக்குப் பதினொரு வயசு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த வருஷம் அப்பாவிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. ரெண்டு பேரும் வந்துவிடுங்கள், எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது என்று. பெரியப்பா அதைச் சத்தமாகப் படித்தார். அம்மா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் முகம் செத்துப்போய் நின்றாள். பெரியப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வை எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. எல்லாரும் நடவுக்குப் போயிருந்தார்கள். அம்மா சமையல்கட்டுக்குள் கூப்பிட்டாள். விறகடுப்பில் இரும்புக் கரண்டி பழுத்துக் கிடந்தது.

"உக்காரு. கால நீட்டு."

"இன்னாத்துக்குமா?"

"நீட்டுடி சொல்றேன்."

நீட்டினேன். பாவாடையை முட்டிக்கு மேலே சுருட்டி என் இடது காலைத் திருப்பிப் பிடித்தாள். கரண்டியை எடுத்தாள். அதன் அனல் என் கெண்டைக்காலில் வந்து அடித்தது. அம்மா கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். அப்புறம் கரண்டியைத் தண்ணீர்க் குடத்துக்குள் வீசினாள். சுர்ரென்று ஆவி எழும்பியது. என் காலைக் கட்டிக்கொண்டு அம்மா அழுத அழுகையை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

அன்று காலையில் நான் அடுத்த வீட்டுப் பெண்ணின் பென்சிலைத் திருடியிருந்தேன். அதற்குத்தான் சூடு வைக்கப் பார்த்தாள் என்று நினைத்தேன். உடனே ஓடிப்போய்ப் பென்சிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

விமானக் கதையெல்லாம் இப்போது உங்களுக்குப் புதுசில்லை, விட்டுவிடுகிறேன். அப்பா ரயிலடிக்கு வந்திருந்தார். போட்டோவில் இருந்த ஆள் இல்லை. கறுத்து, கூன் விழுந்து, தலை நரைத்திருந்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். கடைசி எழுத்தை இழுத்து ஒரு பாட்டு மாதிரி கூப்பிட்டார். என்னை அப்படி யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. தூக்கி நிறுத்திப் பார்த்துவிட்டு, "இன்னா மே, பதினோரு வயசுக்கு இத்தினூண்டு இருக்கா?" என்றார்.

"சோனிங்க. சோறு எறங்காது அவளுக்கு" என்றாள் அம்மா.

மலை என்பதை நான் அன்றுதான் பார்த்தேன். நம்ம பக்கத்தில் மேடு என்றால் பாகூர் ஏரிக்கரைதான். அங்கே பார்த்தால் ஊரையே தூக்கி உச்சியில் வைத்திருந்தார்கள். சுற்றிலும் கோட்டைச் சுவர், உள்ளே நுழைய ஒரே ஒரு கல் வளைவு. தெரு என்று ஒன்றும் கிடையாது, எல்லாம் படிக்கட்டு. ரெண்டு கையையும் நீட்டினால் ரெண்டு பக்கத்து வீட்டுச் சுவரும் தொடும். "இந்த வூடு கட்டி எழுநூறு வருஷம்" என்று அப்பா ஒரு வீட்டைக் காட்டினார். அதுதான் நாங்கள் இருக்கப்போகிற வீடு. அம்மா பயந்துபோய் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள். கோயில் மணி ஒவ்வொரு மணிக்கும் ரெண்டு தடவை அடிக்கும். மூன்று மணி என்றால் மூன்று அடித்து, கொஞ்சம் நிறுத்தி, மறுபடி மூன்று. வயக்காட்டில் இருக்கிறவன் முதல் தடவை எண்ண விட்டுவிட்டால் ரெண்டாம் தடவை எண்ணிக்கொள்ளட்டும் என்றுதான் அப்படியாம்.

சாப்பாட்டு மேசையில் எனக்கும் ஒரு கிளாசில் ஒயினை ஊற்றித் தண்ணீர் கலந்து வைத்தார்கள். அம்மாவுக்குக் கண் பிதுங்கிவிட்டது. "பூசையில சாமியார் குடிக்கிறத இதுங்க சோத்துக்குக் குடிக்குதுங்களே" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி தோட்டத்தில் இருந்தது. திராட்சை அறுப்பு தொடங்கிய அன்று போய்ப் பார்த்தால், வெள்ளைக்காரிகள் முழங்கால் மண்ணில் பட மண்டியிட்டு, சின்னக் கத்தரிக்கோலால் குலைகுலையாக அறுத்துக்கொண்டிருந்தார்கள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, நம்ம ஊர் நடவுக்காரிகள் மாதிரியே முனகினார்கள். எங்கள் அப்பா முதுகில் ஒரு பெரிய வாளியை வாரால் கட்டிக்கொண்டு, அதில் திராட்சையைச் சுமந்து, சரிவில் ஏறி வண்டியில் கொட்டிக்கொண்டிருந்தார். ஏறும்போது கால் நடுங்கியது. ஊரில் பெரியப்பா, "எந்தம்பி அங்க தொரைக்கு சமமா ஒக்காந்து சாப்புடறான்" என்று சொல்லாத ஆள் பாக்கி கிடையாது. அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கினாள். அறுப்பு முடிகிறவரைக்கும் அவளும் மண்டியிட்டு அறுத்தாள். அப்பாவுக்கு இன்னொரு குடும்பம் இருந்தது என்பதெல்லாம் சுத்தப் பொய். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு இரும்புப் பெட்டி, அவ்வளவுதான் அந்த மனுஷனிடம் இருந்தது.

பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் கவுன்கள். என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒன்றாக வாங்கி வைத்திருக்கிறார், ரெண்டு வயசிலிருந்து. அனுப்பத் தெரியாமலா, அனுப்ப மனசு இல்லாமலா, தெரியவில்லை. நேரில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தாராம். அந்தக் கவுன்களில் ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பொருந்துகிற அளவு. அதைப் போட விடாமல் அம்மா என்னென்னவோ சொன்னாள், குளிர் என்றாள், சளி என்றாள். கடைசியில் அடியில் தடிமனான கம்பளிக் காலுறையை மாட்டி, அதற்கு மேல் போட்டுவிட்டாள்.

அந்த ஒன்றரை மாசம் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அப்பா மதில் மேல் ஏறி நின்று கீழே தோட்டத்தில் இருக்கும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பள்ளத்தாக்கு முழுக்க என் பெயர் கேட்கும். தேவையே இல்லாமல் கூப்பிடுவார், திரும்பிப் பார்த்தால் சிரிப்பார். பத்து வருஷம் கூப்பிடாததை எல்லாம் கூப்பிட்டுத் தீர்க்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அறுப்பு முடிகிற அன்று அந்த ஊரில் ஒரு வழக்கம். திராட்சை பிழிய அப்போதே மெஷின் வந்துவிட்டது. ஆனாலும் கடைசி வண்டியில் வந்த பழத்தைக் கோயில் முன்னால் ஒரு பழைய மரத்தொட்டியில் கொட்டி ஊர்ப் பிள்ளைகளை மிதிக்க விடுவார்கள். பிள்ளையின் காலை அதன் அப்பாதான் கழுவித் தொட்டிக்குள் தூக்கி விட வேண்டும். பெரிய வியாழனன்று சாமியார் காலைக் கழுவுவாரே, அந்த மாதிரி ஒரு பித்தளைத் தட்டு, ஒரு குடுவை, ஒரு வெள்ளைத் துண்டு. என்னுடைய முறை வந்தது.

"அவ வேணாங்க. காலைலேர்ந்து ஒடம்பு சுடுது" என்றாள் அம்மா.

"எங்க சுடுது? சும்மா இரு மே. இதுக்குன்னு எத்தினி வருஷமா காத்துகினு இருக்கேன்."

அப்பா மண்டியிட்டு என் காலுறையை உருட்டிக் கழற்றினார். அம்மா அதைக் கையில் வாங்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். தண்ணீர் சில்லென்று இருந்தது. பாதத்தைக் கழுவினார், கணுக்காலைக் கழுவினார், அப்புறம் என் இடது காலை லேசாகத் திருப்பினார். கட்டைவிரலால் கெண்டைக்காலில் ஒரு இடத்தைத் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். எந்தக் கால் என்று மறந்துவிட்டதோ என்று வலது காலையும் திருப்பிப் பார்த்தார்.

"தழும்பு எங்கடி?"

"இன்னா தழும்புப்பா?"

"நெருப்புத் தழும்பு. புளியங்கொட்ட அத்தினி இருக்கும். இங்கதான்."

"எனக்கு அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா."

அப்பா நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா என் காலுறையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

பின்னால் பிள்ளைகள் வரிசையில் நெருக்கினார்கள். தோட்டத்து முதலாளியம்மா கையைத் தட்டி என்னவோ சொல்லிச் சிரித்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா என்னைத் தூக்கித் தொட்டிக்குள் விட்டார். திராட்சை காலுக்கடியில் நசுங்கி, விரல் இடுக்கில் கொழகொழவென்று ஏறியது. குளவிகள் மொய்த்தன. பிள்ளைகள் கூச்சல் போட்டுக் குதித்தார்கள். நானும் மிதித்தேன். ரெண்டு எட்டு தள்ளிச் சுவரோரம் அப்பாவும் அம்மாவும் பேசினார்கள். அங்கே தமிழ் தெரிந்த மூன்றாவது ஆள் நான்தான்.

"இது யாரு?"

"நம்ம பொண்ணுங்க."

"யாரு மே இது?"

"மாதா மேல ஆணையா நம்ம பொண்ணுதாங்க. சின்னது. பொறந்து செத்துப்போச்சின்னு எழுதனோமே, அந்தச் சின்னது."

"அப்ப பெருசு?"

அம்மா என் காலுறையைக் கையில் போட்டு முறுக்கினாள்.

"பெருசு எங்க மே?"

"ரெண்டே நாளு ஜுரங்க. பூட்டுச்சி. இது அப்ப நாப்பது நாள் கொழந்த, எம்மடியில."

நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று பயமாக இருந்தது. அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்தார். குடித்துவிட்டு உட்காருகிறார் என்று நினைத்து நாலு பேர் சிரித்தார்கள்.

நடந்ததை உங்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு அக்கா இருந்தாள். அப்பா விட்டுவிட்டுப் போன ஆறு மாசக் குழந்தை அவள்தான். அப்பா கப்பலேறியபோது அம்மா வயிற்றில் நான் இருந்தேன். பிரசவத்துக்காக அம்மா அக்காவையும் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனாள். நான் பிறந்து நாற்பதாவது நாள் அக்கா செத்துப்போனாள். அப்பாவுடைய லிவ்ரே இருக்கிறதே, நம்ம சொல்தா வீடுகளில் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருப்போமே, அந்தக் குடும்பப் புத்தகம், அதில் ஏறியிருந்தது அக்கா ஒருத்திதான். என்னை ஏற்ற வேண்டுமானால் அப்பா வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் வருவாரா, வரமாட்டாரா, வெள்ளைக்காரி கதை நிஜம்தானா, யாருக்கும் தெரியாது. அக்காவுக்குச் சாவு எழுதிவிட்டால் புத்தகத்தில் பிள்ளையே இல்லாமல் போய்விடும், அவரை ஊருக்கு இழுக்க ஒரு கயிறும் இருக்காது. பெரியப்பா யோசித்தார். செத்தது சின்னது என்று எழுதினார். அம்மா அடியில் சிலுவை போட்டாள். ஆள் அடையாளம் மறக்கிறவரைக்கும், மூன்று வருஷம், என்னையும் அம்மாவையும் தாய் வீட்டிலேயே வைத்திருந்தார்கள்.

பெரியப்பா கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாகக் கோபம் வருகிறது. எல்லாவற்றையும் யோசித்தவர் தழும்பை யோசிக்கவில்லை. அது அவருக்குத் தெரியாது, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னால் அப்பா தன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கரிப்பெட்டியிலிருந்து ஒரு கங்கு தெறித்துப் பக்கத்தில் படுத்திருந்த அக்காவின் காலில் விழுந்துவிட்டது. பிள்ளைக்குச் சூடு வைத்துவிட்டுப் போகிறோமே என்று கப்பலில் போகும்போதெல்லாம் அழுதாராம். பத்து வருஷமும் அந்தத் தழும்பை நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அம்மா கரண்டியைப் பழுக்க வைத்தது எதற்கு என்று எனக்கு அந்தத் தொட்டிக்குள் நின்றபோதுதான் புரிந்தது. அன்றைக்கு அவளுக்கு மனசு வரவில்லை. வந்திருந்தால் அப்பாவுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, என்னைச் சாகிறவரைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார். நான் பல நாள் நினைத்திருக்கிறேன், சுட்டிருக்கலாமே அம்மா என்று.

காலில் ஏறின திராட்சைக் கறை ஒரு வாரம் போகவில்லை. அந்த ஒரு வாரமும் அப்பா என்னிடமும் பேசவில்லை, அம்மாவிடமும் பேசவில்லை. ஒயின் பீப்பாய்கள் இருக்கிற நிலவறையிலேயே கிடந்தார். எங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று அம்மா பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். எனக்கு ஊருக்குப் போவதில் ஒன்றுமில்லை. ஆனால் அப்பா வேண்டும். பத்து வருஷம் கழித்துக் கிடைத்த அப்பா.

திங்கட்கிழமை என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மேரிக்குப் போக வேண்டியிருந்தது. நம்ம புதுச்சேரியில் நகராட்சி ஆபீசை மேரி என்பார்களே, அங்கேயும் அதுதான் பெயர். அப்பா குளித்து, சவரம் செய்து, லிவ்ரேயை எடுத்துக்கொண்டு, வா என்று கையைக் காட்டினார். அம்மா படியில் நின்று, "இன்னா சொல்லப் போறீங்க?" என்று கேட்டாள். அப்பா படியில் இறங்கினார். நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

மேரியில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். புத்தகத்தைத் திறந்து பெயரைப் படித்தார், பிறந்த நாளைப் படித்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார். இவள்தானா என்று அப்பாவைக் கேட்டார். அந்தக் கேள்வி அளவுக்கு எனக்கு அதற்குள் பாஷை வந்திருந்தது. மணி பத்து அடித்தது. கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் பத்து அடித்தது. நான் அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்தேன். உதறிவிடவில்லை.

"உய்" என்றார் அப்பா. ஆமாம் என்று அர்த்தம்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இனி அனுப்பமாட்டார், இனி எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று துள்ளிக்கொண்டு படி இறங்கினேன். அப்பா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அக்கா செத்ததை இனி எந்தக் காகிதத்திலும் எழுத முடியாதபடி தன் வாயாலேயே செய்துவிட்டு உட்கார்ந்திருந்தார் அந்த மனுஷன். எனக்காகத்தான் செய்தார்.

நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. மலைக்குப் பின்பக்கச் சரிவில் கல்லறை. எல்லாக் கல்லறையிலும் சாமந்தித் தொட்டி. அப்பா எங்கள் ரெண்டு பேரையும் ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். அங்கே பெரிய கல் சிலுவையின் அடியில் மெழுகு உருகி உருகிக் கெட்டிப்பட்டுக் கிடந்தது. சின்னது செத்துப்போனது என்று கடிதம் வந்த வருஷத்திலிருந்து, வருஷா வருஷம் அந்த இடத்தில்தான் அதற்கு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தனையும் எனக்கு ஏற்றியது.

"உசுரோட இருக்கிறவளுக்கு மெழுகுவத்தி ஏத்தி அழுதுகினு இருந்திருக்கேன்" என்றார் அப்பா. "செத்தவளுக்கு கவுன் வாங்கி வச்சிகினு இருந்திருக்கேன்."

அம்மா தரையில் விழுந்து அவர் காலைப் பிடித்தாள். அவர் விலகவும் இல்லை, தூக்கவும் இல்லை. என்னைக் காட்டி, "இதுக்கு இன்னா பேரு வச்சீங்க?" என்று கேட்டார்.

"வைக்கலீங்க. நாப்பது நாள் முடிஞ்சி கோயில்ல வைக்கலாம்னு இருந்தோம். அதுக்குள்ள அது பூட்டுச்சி."

ஆக எனக்குப் பெயரும் இல்லை, ஞானஸ்நானமும் இல்லை. அக்காவுடைய ஞானஸ்நானச் சீட்டைக் காட்டித்தான் நான் புதுநன்மை வாங்கினேன், கல்யாணம் கட்டினேன். உங்களோடு சேர்ந்து இத்தனை வருஷம் நான் பார்த்த பூசையெல்லாம் செல்லுமா செல்லாதா என்று சாமியாரைக் கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. நீங்களும் போய்க் கேட்டு வைக்காதீர்கள்.

அப்பா அன்று ஒரு புது மெழுகுவர்த்தி ஏற்றினார். என்னைப் பார்த்து, "வா பாப்பா, போலாம்" என்றார். அதற்கு அப்புறம் அவருக்கு நான் பாப்பாதான். அந்த மலையூரில் நான் படித்த ரெண்டு வருஷமும், எல்லாரும் ஊருக்குத் திரும்பி வந்த பிறகும், என் கல்யாணத்திலும், என் பிள்ளைகள் பிறந்தபோதும் பாப்பா. எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. பள்ளிக்கூடக் காகிதம், கல்யாணக் காகிதம், எல்லாவற்றிலும் அந்தப் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். வாயால் மட்டும் சொல்லவில்லை. மதில் மேலேறிக் கூப்பிட்ட அந்தக் கூப்பாடு எனக்கு ஒன்றரை மாசம்தான் கிடைத்தது, அதுவும் என்னுடையது இல்லை.

ஊருக்குத் திரும்பிய வாரமே அம்மாவைக் கூட்டிக்கொண்டு வில்லியனூர் தாண்டி அவள் ஊர்க் கல்லறைக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். எங்கே என்று கேட்டார். அம்மா சுற்றிச் சுற்றி நடந்தாள். குழந்தைக் குழிக்கு யார் கல் வைத்தார்கள், அதுவும் பெயரில்லாமல் புதைத்த குழிக்கு. கடைசியில் ஒரு வேப்பமரத்தைக் காட்டினாள். அந்த இடத்தில் வேறு யாரோ ஒரு பெரியவருடைய சமாதி எழும்பியிருந்தது. அப்பா அந்தப் பெரியவருடைய சமாதிக்கே மாலை போட்டுவிட்டு வந்தார்.

அம்மா முன்னாலேயே போய்விட்டாள். அப்பா தொண்ணூறை நெருங்கிப் படுக்கையில் விழுந்தபோது நான்தான் கிருமாம்பாக்கத்து வீட்டில் கூட இருந்து பார்த்தேன். அது நடந்து நாலு வருஷம் ஆகிறது. கடைசி வாரம், ஒரு நாள் காலை, நான் தோட்டத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அப்பா என் பெயரைக் கூப்பிட்டார். கடைசி எழுத்தை இழுத்து, பாட்டு மாதிரி. எனக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயசு, ரெண்டு முட்டியும் தேய்ந்து நடக்கவே தடுமாறுவேன். ஓடினேன். கையிலிருந்த ஈரத்துணியோடு ஓடினேன்.

"இன்னாப்பா, இதோ வந்துட்டேம்ப்பா."

அப்பா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். கண் நன்றாகத் தெளிந்துதான் இருந்தது, ஆள் தெரியாமல் இல்லை.

"நீ இல்ல பாப்பா" என்றார். குரலில் கோபமே இல்லை.

என் தோளுக்குப் பின்னால் வாசல் பக்கம் பார்த்து மறுபடியும் அந்தப் பெயரைக் கூப்பிட்டார். நான் நிலைப்படியில் வழியை மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒதுங்கி நின்றேன்.